மடியில் ஒரு முகம்

பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடுவதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்று உண்டு. சொந்த உடம்பில் டாட்டூவுக்கு இடம் தேடுவது. வீடு பிடிக்காவிட்டால் பதினோரு மாதத்தில் காலி செய்துவிடலாம். டாட்டூ அப்படியில்லை. நாம் காலியாகும்போதுதான் அதுவும் காலியாகும். இந்த உண்மை எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. தெரிந்துதான் போய் விழுந்தேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. பிறவியிலேயே எனக்கு இருப்புக் கொள்ளாது. மீட்டிங்கில் நான் காலை ஆட்டினால் மேஜையில் இருக்கும் எல்லோருடைய காபியும் ஆடும். ஓட்டலில் மசால் தோசை சொல்லிவிட்டு, அது வருவதற்குள் செட் தோசைக்கு மாறி, பக்கத்து மேஜைக்காரரின் பூரியைப் பார்த்ததும் மறுபடி சர்வரைக் கூப்பிடுவேன். (அந்த ஓட்டலில் என்னைப் பார்த்தாலே சர்வர் சமையலறைக்குள் போய்விடுவார்.) இப்படிப்பட்ட ஒருவன் அழியாத ஒன்றை உடம்பில் குத்திக்கொள்ளக் கிளம்பலாமா? கிளம்பினேன். எங்கள் டீமில் எல்லோர் உடம்பிலும் ஏதாவது ஒன்று இருந்தது. என்னிடம் தடுப்பூசித் தழும்பு மட்டும்தான் இருந்தது.

முதலில் டிசைன். தினமும் மாலை கம்பெனி கேப் மேம்பாலச் சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, போனில் இருக்கும் படங்களைச் சக ஊழியர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்பேன். ஓநாய் என்றேன். நாய் மாதிரி இருக்கிறது என்றார்கள். திசைகாட்டி என்றேன். "நீ சில்க் போர்டு சிக்னல் தாண்டறதுக்கே மேப் போடுவ, உனக்கு எதுக்கு?" என்றாள் ஒருத்தி. அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், சுரங்கத்தை மூடிய பிறகுதான் குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்தவர் என்பதால், சுரங்க வாசலில் நிற்கும் அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தை வரைந்து எடுத்துப் போனேன். கேப் ஓட்டும் மஞ்சுநாத் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "மொபைல் டவர் சென்னாகிதெ சார், நல்லா இருக்கு. எந்த நெட்வொர்க்?" என்றார். அதோடு கோபுரமும் போயிற்று.

வாரம் ஒரு டிசைன் மாறியது. தூக்கத்தில்கூட மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் மனம் ஓரிடத்தில் நின்றதற்குக் காரணம் தருண். தருண் என் அக்கா கவிதாவின் மகன். அவன் பிறந்ததிலிருந்து எனக்குக் கொஞ்சம் பைத்தியம் பிடித்திருந்தது என்றே சொல்லலாம். அவன் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, பல்லில்லாத வாயைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரித்த படம் ஒன்று என் போனில் இருந்தது. ஒருநாள் அதைப் பார்த்தேன். இவன்தான் என்று முடிவாகிவிட்டது. மறுநாள் மாறவில்லை. அதற்கடுத்த வாரமும் மாறவில்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நாள் நின்ற முடிவு அது ஒன்றுதான்.

அடுத்தது இடம். எங்கள் வீடு சிவாஜிநகருக்குப் பின்னால் ஒரு சந்தில். அம்மா ஏற்கெனவே எச்சரித்திருந்தாள்: "ஒடம்புல எதனா குத்திக்கினு வந்த, இந்த வாசப்படி ஏறாத." ஆகவே அம்மா கண்ணில் படக்கூடாது. மேனேஜர் கண்ணில் படக்கூடாது. நாளைக்குப் பெண் கொடுக்கப் போகிற மாமனார் (அவர் யாரென்றே இன்னும் தெரியாது, ஆனாலும் பயம்) கண்ணில் படக்கூடாது. குளியலறைக் கண்ணாடி முன் நின்று உடம்பை மேலிருந்து கீழாக அலசினேன். கை வேண்டாம், ஆபீஸ். மார்பு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் துண்டோடுதான் திரிவேன். முதுகு வேண்டாம், நானே பார்க்க முடியாது. கெண்டைக்கால் வேண்டாம், அரை டிராயர். மிஞ்சியது தொடை. வலது தொடையின் மேல்பக்கம். அதைப் பார்க்க உலகத்தில் எவருக்கும் எந்த வேலையும் இல்லை. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நான் யோசித்ததெல்லாம் யார் பார்ப்பார்கள் என்பதைத்தான். யார் உட்காருவார்கள் என்று யோசிக்கவில்லை.

காக்ஸ் டவுனில் டாட்டூ கடை வைத்திருந்த ரோஷன் பயங்கர பிஸி. பல வாரம் காத்திருந்து ஒரு வெள்ளிக்கிழமைக்கு நேரம் கிடைத்தது. அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை தருணுக்கு மூன்றாவது வயதில் காதுகுத்து. இரண்டும் என் போன் காலண்டரில் அருகருகே இருந்தன. பார்த்தேன். பார்த்துவிட்டு, 'ஆஹா, மருமகன் முகமும் மருமகன் விசேஷமும் ஒரே வாரத்தில்' என்று பூரித்துப்போனேன்.

காதுகுத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது தாய்மாமனின் உரிமை. இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்த உரிமைக்கு ஒரு போட்டியாளர் இருந்தார். பெரியம்மா மகன் பிரபு அண்ணன். சிவாஜிநகரில் கார் சீட் கவர் கடை வைத்திருப்பவர். அவருக்குக் கூடப் பிறந்த அக்கா தங்கை கிடையாது. ஆகவே மடியும் காலி. அக்கா கல்யாணத்திலிருந்தே, "கவிதா எனக்கும் தங்கச்சிதான, நானும் தாய்மாமன்தான்" என்று எல்லோரிடமும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பார். பாவம்தான். ஆனால் நான் இரக்கப்பட்டால் என் மடி போய்விடும். தருணுக்கு என்னைத்தான் அதிகம் பிடிக்கும் என்று ஊரறிய நிரூபிக்கும் நாள் அது. விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வெள்ளிக்கிழமை ரோஷன் என்னைச் சாய்த்துப் படுக்கவைத்து, மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னான்: "கொழந்த மூஞ்சி டேஞ்சர் குரு. ஒரு கோடு ஜாஸ்தி ஆனா வயசு ஏறிடும். ஆடாம இருக்கணும். ஸ்வல்ப கூட, கொஞ்சம் கூட ஆடக்கூடாது."

ஆடாமல் இருப்பதா, நானா? ஊசி பட்டதும் கால் தானாக எழுந்தது. பிறகு உள்ளங்கால் அரித்தது. பிறகு தும்மல் வந்தது. பிறகு போன் அடித்தது. நான் ஒவ்வொரு முறை ஆடும்போதும் ரோஷன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கோட்டை நிழலாக மாற்றுவான். அப்படி ஒவ்வொரு நிழலுக்கும் தருணுக்குச் சில வருஷம் கூடிக்கொண்டே போனது. முடிந்ததும் கண்ணாடியில் காட்டினான். கன்னத்தில் லேசாக மடிப்பு, நெற்றியில் ஏதோ கவலை. "வீக்கம் வத்தினா சரியாயிடும்," என்றான் ரோஷன், என் கண்ணைப் பார்க்காமல். மேலே மெல்லிசான பிளாஸ்டிக் தோல் மாதிரி ஒன்றை ஒட்டினான். "இதுக்குள்ள கருப்புத் தண்ணி கட்டும். பயப்படாத. அழுத்தாம மட்டும் பாத்துக்கோ. ரெண்டு மூணு நாள்ல ஏதாவது ஃபங்ஷன் கிங்ஷன் இருக்குதா? டைட் பேண்ட் ஆகாது."

"வேட்டிதான்," என்றேன் பெருமையாக.

சனிக்கிழமை தொடை அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி கொதித்தது. உட்கார முடியவில்லை, நின்றேன். நிற்க முடியவில்லை, நடந்தேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்த என்னை அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மூலமாடா?" என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்வதற்குள் வெந்தயம் போட்ட மோர் வந்துவிட்டது. அப்பாவும் பேப்பரை இறக்காமல், "அந்தக் கம்பெனி நாற்காலி அப்பிடி, என்னா பண்றது," என்று அனுதாபப்பட்டார். உண்மையைச் சொல்வதைவிட மூலமே பரவாயில்லை என்று மோரைக் குடித்தேன்.

மாலை அக்கா வீடியோ காலில் வந்தாள். பின்னால் தருண் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தான்.

"டேய் சரவணா, நாளைக்கு இவன நல்லா இறுக்கிப் புடிச்சிக்கணும்டா. ஊசிய பாத்தா துள்ளுவான். கால உன் தொடைக்கு நடுவுல வச்சி அமுக்கிக்கோ, இன்னா?"

தொடைக்கு நடுவுல வச்சி அமுக்கிக்கோ. அந்த ஒரு வரியில் என் காலண்டர், கண்ணாடி, புத்திசாலித்தனம் எல்லாம் சரிந்து விழுந்தன. என் தொடையில் உட்கார உலகத்திலேயே உரிமை உள்ள ஒரே ஆள், அப்போது கட்டிலிலிருந்து தலையணை மேல் தொபுக்கென்று விழுந்து கொக்கரித்துக்கொண்டிருந்தான். மூன்று வயதுக்கு அவன் நல்ல கனம்.

ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று, கதவைச் சாத்திக்கொண்டு, சப்பணமிட்டு உட்கார்ந்து, அரிசி மூட்டை ஒன்றை மடியில் இழுத்து வைத்தேன். வாயில் தலையணையைத் திணித்துக்கொண்டு கத்தினேன். அரிசி மூட்டை துள்ளவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போதே அக்காவைக் கூப்பிட்டு, "முடியலக்கா, பிரபு அண்ணன் மடியில வச்சிக்கட்டும்," என்று சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன்கூட. பிரபு அண்ணன் தன் ஸ்டேட்டஸில் 'நாளை என் மருமகன் காதணி விழா' என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சின்ன அம்மன் கோவில். பக்கத்து ஹாலில் பிரியாணி தம்மில் இருந்தது. நான் சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு வந்தேன், அதில் நான் வாங்கிய தங்கக் கம்மல் ஜோடி. அக்கா வீட்டில் எடுத்துக் கொடுத்திருந்த சந்தன நிறப் பட்டு வேட்டி கட்டியிருந்தேன். நடக்கும்போது உள்ளேயிருந்து சரக் சரக்கென்று பிளாஸ்டிக் சத்தம். வரவேற்பில் நின்ற அக்காவின் மாமனார் தணிகாசலம் என் இடுப்புக்குக் கீழே ஒருமுறை பார்த்துவிட்டு மீசையைத் தடவினார். பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். சில்லறை இல்லை என்று சொல்ல வருகிறவனைப் பார்க்கும் அந்தப் பார்வை இன்னும் அவரைவிட்டுப் போகவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிரபு அண்ணனும் பட்டு வேட்டியில் வந்திருந்தார். பாய் விரித்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

உட்கார்ந்தேன். தருணைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். சாமர்த்தியமாக அவனை இடது தொடைக்கு நகர்த்தினேன். காது குத்த வந்த பத்தர், "நடுவுல வைங்க தம்பி, வெளிச்சம் வரல," என்று நகர்த்தினார். நான் இடது பக்கம் நகர்த்தினேன். அவர் வலது பக்கம் நகர்த்தினார். "மாமா ஏண்டா நெளியிறான்?" என்று யாரோ கேட்க, "அவனுக்கு மூலம்," என்று அம்மா பக்கத்திலிருந்தவளிடம் ரகசியம் சொன்னாள். கூட்டம் மொத்தமும் அமைதியாக இருந்த நேரம் அது. எல்லோருக்கும் கேட்டது.

அவமானத்தில் காது சிவந்தாலும், குழந்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, வலிக்குமா?" என்று கேட்டபோது அவனை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டேன். "வலிக்காதுடா செல்லம், எறும்பு கடிச்ச மாரி," என்றேன். தொடை எரிந்துகொண்டிருக்கும்போது அப்படிச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

வலது காதில் சந்தனத்தால் புள்ளி வைத்தார் பத்தர். நான் தருணின் கால்களை அக்கா சொன்னபடி அமுக்கினேன். மேளம் அடித்தது. ஊசி இறங்கியது. தருண் ஒரே துள்ளு. அவன் குதிகால் வந்து விழுந்த இடம் சரியாக ரோஷன் வேலை செய்த இடம்.

நான் கத்திய கத்தலில் மேளக்காரர் நிறுத்திவிட்டார். தருண் அழ வாயைத் திறந்தவன், தன்னைவிட யார் இவ்வளவு சத்தமாக அழுவது என்று திரும்பி என்னைப் பார்த்தான். அழுகையை மறந்துவிட்டான். அந்தச் சந்தில் பத்தர் கம்மலைத் திருகி முடித்தார். வலது காது ஆயிற்று.

பிளாஸ்டிக் தோல் கிழிந்திருந்தது. இரண்டு நாளாகக் கட்டி நின்ற கருப்புத் தண்ணி கொஞ்சம் சிவப்போடு கலந்து, சந்தன நிற வேட்டியில் மெல்லப் பரவியது.

"ஐயோ, கொழந்தைக்கு ரத்தம்," என்றாள் அக்கா.

"கொழந்தைக்கு இல்ல, மாமனுக்கு," என்றார் பிரபு அண்ணன்.

"இன்னாது, மூலம் ஒடஞ்சிக்கிச்சா?" என்று அம்மா ஓடி வந்தாள். நான் தடுப்பதற்குள் வேட்டியைத் தொடைவரை தூக்கிவிட்டாள். முந்தானையால் அந்தக் கருப்பை ஒற்றி எடுத்தாள். ஒற்ற ஒற்ற, ஒரு முகம் வந்தது.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வீங்கிய கன்னம், மடிப்பு விழுந்த நெற்றி, பல்லில்லாத வாய், யாரையோ சந்தேகப்படுகிற கண். அக்காவின் மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏங்க, இங்க வாங்களேன். இது நீங்கதான?"

தணிகாசலம் வந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். என் தொடையை வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க எனக்கே தெரிந்தது. அவர் மீசையை எடுத்துவிட்டு, பல்செட்டையும் கழற்றிவிட்டால் அச்சு அசல் அதுதான்.

"அது தருண்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தருணுக்கு ஏதுடா இவ்ளோ சுருக்கம்?" என்றாள் அம்மா. வாசப்படி ஏறாதே என்று சொன்னதெல்லாம் அவளுக்கு மறந்தே போயிருந்தது. சம்பந்தி முன்னால் தலைகுனிவு என்பதுதான் இப்போது பெரிதாகிவிட்டது. "சம்பந்தி மேல மரியாத இருந்தா நெஞ்சுல குத்திக்கணும். தொடையிலயா குத்துவாங்க?"

"அம்மா, அது சம்பந்தி இல்ல..."

தணிகாசலம் கையை உயர்த்தினார். "தம்பி, யாரா வேணா இருக்கட்டும். பாக்கறவங்களுக்கு அது நான்தான். என் மூஞ்சி மேல என் பேரன உக்கார வச்சி, மிதிக்க வச்சி, ஒரு காது குத்திட்டீங்க. போதும். இன்னொரு காதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்." சுற்றிலும் பார்த்தார். பஸ்ஸில் அடுத்த டிக்கெட்டைக் கூப்பிடுகிற குரலில், "பிரபு, வா, உக்காரு," என்றார்.

பிரபு அண்ணன் அதற்கு முன்பே பாதி உட்கார்ந்துவிட்டார்.

தருணை என் மடியிலிருந்து எடுத்தார்கள். அவன் என் சட்டையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். கறை படிந்த வேட்டியோடு ஓரமாக எழுந்து நின்றேன். தொடை எரிந்தது நினைவில்லை. அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. என் மருமகன் முகத்தை என் தோலிலேயே குத்திக்கொண்டவன் நான். அந்த ஒரு காரணத்துக்காகவே அவன் என் மடியிலிருந்து போனான்.

பத்தர் தட்டிலிருந்து என் இரண்டாவது கம்மலை எடுத்தார். பிரபு அண்ணன், "அது வேணாம்," என்று தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். உள்ளே ஒரு ஜோடி. "எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கினேன்," என்றார். குழந்தையை மடியில் அணைத்து உட்கார்ந்திருந்த அவர் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு நாள் காத்திருந்தாரோ தெரியவில்லை. கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. இடது காதும் ஆயிற்று. வலது காதில் என் பூக் கம்மல், இடது காதில் அவருடைய ஒற்றைக் கல். அப்படியே பிரியாணிப் பந்தியில் போய் உட்கார்ந்தான் தருண்.

அம்மா ஒரு மாதம் பேசவில்லை. மூலம் இல்லை என்று மட்டும் சமாதானமானாள். டாட்டூ ஆறியது. வீக்கம் வற்றினால் சரியாகிவிடும் என்று ரோஷன் சொன்னான் அல்லவா? வற்றியபின் தணிகாசலம் இன்னும் தெளிவாகத் தெரிந்தார். அவர் ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தபோது, யாரும் இல்லாத நேரம் பார்த்து, "தம்பி, அத ஒருதபா காட்டுங்க," என்றார். காட்டினேன். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மீச வச்சிருக்கலாம்," என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

தருண் இப்போது நாலாம் வகுப்பு. காதுகுத்துக் கதையைக் குடும்பத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சொல்லி, அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது. போன வாரம் கணக்குப் பரீட்சையில் அவன் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு, சோபாவில் அவன் இடது பக்கம் உட்கார்ந்து புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். நல்லபடியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"மாமா, இது பிரபு மாமா காது. உங்களுது அந்தப் பக்கம்."

எழுந்து போய் அந்தப் பக்கம் உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.